மூன்று நாணயங்கள்: எது அச்சுப்பிழை, எது சேதம்?

கேள்வி

பல நாட்டு நாணயங்கள் கலந்த ஒரு தொகுதியைப் பிரித்து அடுக்கியபோது மூன்று நாணயங்கள் எனக்குப் பிடிபடவில்லை. முதலாவது வெள்ளி, ஒரு பக்கம் சுழன்று எழும் கையெழுத்துப் போன்ற முத்திரையும், சுற்றிலும் அரபு எழுத்துகளும் உள்ளன. 17, 1293 என இரண்டு எண்கள் தனித்தனி இடங்களில் இருப்பதால் எதை ஆண்டாகக் கொள்வது என்று தெரியவில்லை. இரண்டாவது அமெரிக்காவின் 5 சென்ட். அதன் ஓரத்தில் பிறை வடிவில் ஒரு துண்டு இல்லை. பக்கவாட்டில் திருப்பினால் பின்பக்கம் தலைகீழாகவும் இருக்கிறது. மூன்றாவது அமெரிக்க ஒரு சென்ட். அதன் ஆண்டு இரட்டையாகத் தெரிகிறது. இவற்றில் எவை நாணயச்சாலையில் நேர்ந்த பிழைகள்?

பதில் 1

முதல் நாணயம் ஒட்டோமான் பேரரசினுடையது. அந்த முத்திரைக்குத் துக்ரா என்று பெயர். அது சுல்தானின் பெயரைத் தாங்கிய அரச முத்திரை. இவ்வகை நாணயங்களில் பெரிய எண், சுல்தான் அரியணை ஏறிய ஹிஜ்ரி (இஸ்லாமிய நாட்காட்டி) ஆண்டைக் குறிக்கும்; சிறிய எண், ஆட்சியின் எத்தனையாவது ஆண்டில் அந்த நாணயம் அச்சிடப்பட்டது என்பதைச் சொல்லும். ஹிஜ்ரி 1293, அதாவது 1876, இரண்டாம் அப்துல் ஹமீது பட்டம் ஏற்ற ஆண்டு. அதையே முதல் ஆண்டாகக் கொண்டு எண்ணினால் 17-ஆம் ஆட்சியாண்டு ஹிஜ்ரி 1309 ஆகிறது. அதை 0.97-ஆல் பெருக்கி 622-ஐக் கூட்டினால் பொது ஆண்டு 1891–92 என்று கிடைக்கும். உங்கள் தொகுதியில் தாய்லாந்து நாணயங்கள் இருந்தால் அவற்றில் உள்ள பௌத்த ஆண்டிலிருந்து 543-ஐக் கழிக்க வேண்டும்; ஜப்பானிய நாணயங்களில் பேரரசரின் ஆட்சிக்கால ஆண்டைப் பார்க்க வேண்டும்.

பதில் 2

5 சென்டின் பின்பக்கம் தலைகீழாக இருப்பது பிழையன்று. அமெரிக்க நாணயங்களை மேலிருந்து கீழாகத் திருப்பினால்தான் பின்பக்கம் நேராக நிற்கும். பிரிட்டனின் இன்றைய நாணயங்களைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். புதிதாகச் சேகரிக்கத் தொடங்குபவர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

பிறை வடிவக் குறையை மட்டும் கவனமாக ஆராயுங்கள். உலோகப் பட்டையிலிருந்து வில்லைகளை (இன்னும் அச்சிடப்படாத வட்டத் தகடுகளை) வெட்டும்போது பட்டை போதிய அளவு நகராவிட்டால், ஏற்கெனவே விழுந்த ஓட்டையின் மீதே வெட்டுக்கருவி மீண்டும் இறங்கி, பிறை வடிவில் குறையுள்ள வில்லையை உண்டாக்கிவிடும். அச்சிடுவதற்கு முன் வில்லையின் ஓரத்தை அழுத்தி மேலெழுப்புவார்கள். குறை உள்ள இடத்தில் எதிர்ப்பு இல்லாததால், அதற்கு நேர் எதிரே உள்ள ஓரமும் சரியாக எழும்பாது. ஆகவே குறையைப் பார்ப்பதோடு நிறுத்தாமல் எதிர்ப்புறத்தையும் பாருங்கள். பிற்பாடு அரத்தாலோ கத்தரியாலோ வெட்டப்பட்ட நாணயத்தில் எதிர்ப்புற விளிம்பு முழுமையாக இருக்கும். வெட்டிய இடத்தில் கீறல்களும் தெரியும். முழு எடை 5.00 கிராம் என்பதால் எடையையும் பார்த்துவிடுங்கள்.

கேட்டவர்

எடை 4.63 கிராம். குறைக்கு நேர் எதிரே விளிம்பு தட்டையாகத் தேய்ந்தது போல இருக்கிறது. ஆனால் மற்ற பகுதிகளில் தேய்மானம் இல்லை. ஒரு சென்டில், லென்ஸ் வழியே பார்த்தால் எண்களின் ஒரு பக்கத்தில் மட்டும் தட்டையான படி போல ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பதில் 3

அப்படியானால் 5 சென்ட் உண்மையான வில்லைப்பிழையாகவே தெரிகிறது, வாழ்த்துகள். அதைத் துடைக்கவோ கழுவவோ வேண்டாம்.

ஒரு சென்ட் வேறு வகை. உருவத்தைப் பதிக்கும் கருவியான அச்சு இறுக்கமாகப் பொருத்தப்படாமல், நாணயத்தில் பதிந்து விலகும்போது சற்றே நகர்ந்தால், மேலெழுந்த எண்ணின் ஒரு பக்கத்தைத் தட்டி நசுக்கிவிடும். நீங்கள் சொல்லும் தட்டையான படி அதன் அடையாளம். சேகரிப்பாளர்கள் இதற்குத் தனி மதிப்பு தருவதில்லை. 1955-இல் பிலடெல்பியாவில் அச்சான புகழ்பெற்ற இரட்டைப்பதிவுச் சென்டின் கதை வேறு. அக்காலத்தில் ஓர் அச்சை உருவாக்க, நாணயத்தின் வடிவம் புடைத்திருக்கும் மூல உருவை அதில் ஒருமுறைக்கு மேல் அழுத்த வேண்டியிருந்தது. இரண்டாவது அழுத்தம் கோணம் மாறி விழுந்ததால் அந்த அச்சிலேயே இரண்டு உருவங்கள் பதிந்துவிட்டன. அதிலிருந்து வந்த நாணயங்கள் அனைத்திலும் ஆண்டும் எழுத்துகளும் வெறுங்கண்ணுக்கே இரட்டையாகத் தெரியும்.

அதே ஆண்டைச் சேர்ந்த சாதாரணச் சென்ட் ஒன்றை அருகில் வைத்து, படியைச் சேர்க்காமல் எண்ணின் அகலத்தை ஒப்பிடுங்கள். உங்களுடையதில் எண் மெலிந்திருந்தால் அச்சு நகர்ந்ததே காரணம். உண்மையான இரட்டைப்பதிவில் இரு உருவங்களும் உருண்டு எழுந்து, எண்ணின் மொத்த அகலம் கூடியிருக்கும். கோடுகளின் முனைகளில் சிறு பிளவும் தெரியும்.