ஷீட்டுக்கு விசிபிள், ஃபார்முக்கு ஹைட்: எதை வைத்து முடிவு செய்வது?

கேள்வி:
வணக்கம். எக்செல் மேக்ரோவில் யூசர்ஃபார்மை (நாமே வடிவமைக்கும் உள்ளீட்டுப் பெட்டியை) மறைக்க மீ.ஹைட் எழுதினேன், ஓடியது. அதே பழக்கத்தில் ஆக்டிவ்ஷீட்.ஹைட் என்று எழுதினால் 438 பிழை (அந்த ஆப்ஜெக்டுக்கு அப்படி ஒன்று இல்லை). வரிசைக்கு ஹிடன், ஷேப்புக்கு விசிபிள் என்கிறார்கள். எங்கே மெத்தட் (செயல்), எங்கே பிராப்பர்ட்டி (நிலையைச் சொல்லும் பண்பு)?

இன்னொரு சிக்கல். ஃபார்மில் தேதி வாங்கி, ஓகே பட்டனில் அன்லோட் மீ போட்டிருக்கிறேன். ஷோ வரிக்கு அடுத்து அந்தத் தேதியைப் படித்தால் காலியாக வருகிறது.

பதில் 1:
விபிஏ எடிட்டரில் எஃப்2 அழுத்தி, எதற்கு என்ன மெத்தட், பிராப்பர்ட்டி என்று காட்டும் ஆப்ஜெக்ட் பிரவுசரில் பாருங்கள். அந்த ஆப்ஜெக்டுக்கு எது இருக்கிறதோ அதுதான் வழி, நாம் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஹிடன் மட்டும் முழு வரிசைக்கோ முழு நெடுவரிசைக்கோதான் போடணும். ஒரு செல்லுக்குப் போட்டால் 1004 பிழை.

பதில் 2:
மேலே சொன்னது சரிதான். ஆனால் காரணம் புரிந்தால் தேதிச் சிக்கலும் தீர்ந்துவிடும்.

ஃபார்மை ஷோ செய்ததும் உங்கள் மேக்ரோ அந்த வரியிலேயே நின்றுவிடும். ஹைடோ அன்லோடோ வந்தபிறகுதான் அடுத்த வரிக்குப் போகும். அதாவது ஹைட் நடப்பை மாற்றுகிற ஒரு செயல், அதனால் மெத்தட். ஹைட் செய்த ஃபார்ம் நினைவகத்தில் அப்படியே இருக்கும், பெட்டியில் தட்டிய தேதியும் இருக்கும். அன்லோட் செய்தால் எல்லாம் போய்விடும். பிறகு யூசர்ஃபார்ம்1 என்று பெயரைச் சொன்ன உடனே எக்செல் புதிதாக ஒரு ஃபார்மை உருவாக்கி, அதன் காலிப் பெட்டியைக் காட்டும். உங்களுக்கு வருவது அந்தக் காலிதான். ஓகேயில் மீ.ஹைட் போடுங்கள், தேதியைப் படித்து முடித்தபின் அன்லோட் செய்யுங்கள். மூலையில் உள்ள எக்ஸ் பட்டனும் அன்லோட்தான். ஃபார்ம் மூடும்முன் ஓடும் குவெரிகுளோஸில், குளோஸ்மோட் = விபிஃபார்ம்கண்ட்ரோல்மெனு (எக்ஸ் பட்டன்) என்றால் மட்டும் கேன்சல் = ட்ரூ கொடுத்து, மீ.ஹைட் எழுதிவிடுங்கள்; எப்போதும் கேன்சல் செய்தால் உங்கள் அன்லோட் வரியும் நின்றுவிடும்.

ஷீட் வேறு. அங்கே இருப்பது ஒரு நிலை, அதனால் பிராப்பர்ட்டி; அதுவும் மூன்று: தெரிகிறது -1, மறைந்திருக்கிறது 0, மெனுவிலிருந்தும் எடுக்க முடியாதபடி மறைந்திருக்கிறது (வெரிஹிடன்) 2. ஹைட் என்ற ஒரே சொல்லில் இந்த மூன்றையும் சொல்ல முடியாது.

கேட்டவர்:
தேதி வந்துவிட்டது, மிக்க நன்றி! இப்போது இன்னொன்று. தெரிகிற ஷீட்டுகளை மட்டும் அச்சிட, இஃப் ஷீ.விசிபிள் தென் என்று லூப் ஓட்டுகிறேன். வெரிஹிடன் ஷீட்டும் உள்ளே நுழைகிறது.

பதில் 2:
இதே இடத்தில் நானும் ஒரு முழு நாளை விட்டிருக்கிறேன். இஃப் பார்ப்பது பூஜ்யமா இல்லையா என்பதை மட்டும்தான். 2 பூஜ்யமில்லையே, அதனால் ட்ரூ ஆகிவிடும். ஷீ.விசிபிள் = எக்ஸ்எல்ஷீட்விசிபிள் (அதாவது -1) என்று முழுசாக ஒப்பிடுங்கள். நாட் போட்டு மாற்றி மாற்றிக் காட்டுகிற வரி எங்காவது இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்: நாட் 2 என்றால் -3, அப்படி ஒரு நிலையே ஷீட்டுக்குக் கிடையாது.