பச்சை இதயம் பின்னினால் நிலக்கரி அணையுமா?

ஓலைக்கூரை எழுதியது:

போன வாரம் வேறொரு இழையில் ஒரு நண்பர், "தொண்டு நிறுவனங்கள் பத்து சேர்ந்தால் பதினோரு அறிக்கை வரும், வேறொன்றும் நடக்காது" என்று சொல்லிவிட்டுப் போனார். காலநிலை விஷயத்தில் அது சரியில்லை. என் சாட்சி பிரிட்டன்.

2005 மே மாதம் ஃபிரெண்ட்ஸ் ஆஃப் தி எர்த் என்ற சூழல் அமைப்பு அங்கே ஓர் இயக்கம் தொடங்கியது. ஒரே கோரிக்கை: கார்பன் உமிழ்வை ஆண்டுக்கு 3% குறைக்கச் சட்டம் போடு. அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்டாப் கிளைமேட் கேயாஸ் என்ற கூட்டணி பிறந்தது. கிரீன்பீஸ் அதில் இருந்ததில் வியப்பில்லை. பறவைகளுக்கான ஆர்எஸ்பிபி, வறுமை ஒழிப்புக்கான ஆக்ஸ்ஃபாம், தேவாலயங்களின் கிறிஸ்டியன் எய்ட், ஜாம் காய்ச்சப் பேர்போன மகளிர் சங்கமான விமன்ஸ் இன்ஸ்டிடியூட் எல்லாம் வந்து சேர்ந்தன, அதுதான் விஷயம். 646 எம்பிக்களில் 412 பேர் சட்டம் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார்கள். 2008 நவம்பர் 26 அன்று காலநிலை மாற்றச் சட்டம் வந்தது. எதிர்த்து ஓட்டுப் போட்டவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். 2050-க்குள் 60% குறைப்பு என்று தொடங்கிய மசோதா 80% என்று முடிந்தது.

ஒற்றைப்பனை எழுதியது:

கதையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ஆண்டுக்கு 3% கேட்டார்கள், கிடைத்தது ஐந்தாண்டுக்கு ஒரு கார்பன் பட்ஜெட், அதாவது ஐந்தாண்டுக்கும் சேர்த்து ஓர் உமிழ்வு வரம்பு. கணக்குப் பார்க்கும் நாளில் தவறு செய்தவர் பதவியிலேயே இருக்கமாட்டார், யாரைப் பிடித்துக் கேட்பது? சர்வதேச விமானமும் கப்பலும் பட்ஜெட் கணக்குக்கு வெளியே. 2021-ல் ஆறாவது பட்ஜெட் போடும்போதுதான் உள்ளே சேர்த்தார்கள். நூறு அமைப்பு ஒரே மேடையில் நிற்க வேண்டுமென்றால் யாருக்கும் உறைக்காத வாசகம்தான் தேறும். கல்யாணப் பந்தி சாம்பார் மாதிரி.

அமெரிக்காவைப் பாருங்கள். 2007-ல் பெரிய சூழல் அமைப்புகள் சில ஜெனரல் எலக்ட்ரிக், டியூக் எனர்ஜி போன்ற கம்பெனிகளோடு யுஎஸ்கேப் என்று கூட்டுச் சேர்ந்தன. அவர்கள் கேட்ட, உமிழ்வுக்கு உச்சவரம்பு வைக்கும் வாக்ஸ்மன்-மார்க்கி மசோதா 2009 ஜூன் 26 அன்று கீழவையில் 219-க்கு 212 என்று தப்பித்தது. 2010 பிப்ரவரியில் பிபி, கோனோகோபிலிப்ஸ், கேட்டர்பில்லர் மூன்றும் அந்தக் கூட்டிலிருந்து கழன்றுகொண்டன. ஜூலையில் செனட்டில் ஓட்டெடுப்புக்கே வராமல் எல்லாம் முடிந்தது.

ஈஸ்ட்ஹாம் இட்லி எழுதியது:

பனை அண்ணே, உங்கள் அமெரிக்கக் கதை கூரையின் கட்சிக்குத்தான் பலம். ஹார்வர்டு பேராசிரியர் தீடா ஸ்கோச்போல் 2013-ல் அந்தத் தோல்வியை அலசியபோது சொன்னதும் அதுதான்: வாஷிங்டனுக்குள் பேரம் பேசினார்கள், ஊர் ஊராக ஆள் சேர்க்கவில்லை. இங்கே பிரிட்டனில் நடந்தது வேறு. எம்பி தொகுதியில் உட்கார்ந்து மக்களைப் பார்க்கும் நாளை இங்கே 'சர்ஜரி' என்பார்கள். அங்கே தாடி வைத்த இளைஞன் போய் நின்றால் எம்பி மரியாதையாகக் கேட்டுவிட்டு மறந்துவிடுவார். தேவாலயத்தில் தேநீர் ஊற்றுகிற, முப்பது வருடமாக எம்பியின் கட்சிக்கே ஓட்டுப் போடுகிற அம்மா அதே விஷயத்தோடு வந்தால் எம்பிக்கு வயிறு கலங்கும். அந்த அம்மாவைக் கூட்டி வர கிரீன்பீஸால் முடியாது. விமன்ஸ் இன்ஸ்டிடியூட்டால் முடியும்.

2009 டிசம்பர் 5, கோபன்ஹேகன் ஐநா காலநிலை மாநாட்டுக்கு முந்தைய சனிக்கிழமை, லண்டனில் நீல உடை போட்டு நடந்த ஊர்வலத்தில் நானும் இருந்தேன். கால் விறைத்துப்போன குளிர். எனக்கு முன்னால் நடந்தவர்கள் பாதிரியாரோடு வந்த பாட்டிமார். வாழ்க்கையில் முதல் ஊர்வலம் என்றார் ஒருவர். (மாநாடு புஸ்வாணமானது வேறு கதை.)

கரிச்சட்டி எழுதியது:

அனல்மின் நிலையத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டியவன், அதனால் ஒரு வார்த்தை. பிரிட்டனில் 2012-ல் மின்சாரத்தில் சுமார் 40% நிலக்கரி. கடைசி நிலையமான ராட்கிளிஃப்-ஆன்-சோர் 2024 செப்டம்பர் 30 அன்று மூடியாயிற்று. இதை ஊர்வலமா செய்தது? ஐரோப்பிய ஒன்றியத்தின் கந்தக, தூசி விதிகள் பழைய நிலையங்களை 2015-க்குள் மூடவைத்தன. 2013 ஏப்ரலில் கார்பனுக்குக் குறைந்தபட்ச விலை வைத்தார்கள். எரிவாயு நிலையம் லாபம், நிலக்கரி நஷ்டம் என்றாயிற்று. கடலில் காற்றாலைகள் வந்தன. கொதிகலனை அணைப்பது கணக்கு சார், கோஷம் இல்லை. அந்தக் கார்பன் விலையைக்கூட 2014-ல் டன்னுக்கு 18 பவுண்டோடு உறையவைத்தார்கள். அதற்காக லட்சம் பேர் தெருவுக்கு வந்ததாக நான் கேள்விப்படவில்லை.

ஓலைக்கூரை எழுதியது:

கணக்கு சரி ஐயா. அந்தக் கணக்கைப் போட்டது யார்? நாடாளுமன்றம். 2015 பிப்ரவரி 14 அன்று மூன்று பெரிய கட்சிகளின் தலைவர்கள் கேமரூன், மிலிபாண்ட், கிளெக் மூவரும், தேர்தலுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, நிலக்கரி மின்சாரத்துக்கு முடிவுகட்டுவோம் என்று கூட்டாக ஒப்பமிட்டார்கள். பேசி முடித்தவை தொண்டு அமைப்புகள். அதே நாட்களில் ஸ்டாப் கிளைமேட் கேயாஸ் கூட்டணி, கிளைமேட் கோவலிஷன் என்ற புதுப் பெயரில், பச்சைத் துணியிலும் நூலிலும் இதயம் செய்து சட்டையில் குத்திக்கொள்ளச் சொல்லி ஊரெல்லாம் கிளப்பியது. எனக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஆனால் அந்த நவம்பரில் கன்சர்வேட்டிவ் அமைச்சர் ஆம்பர் ரட், 2025-க்குள் நிலக்கரி நிலையங்களை மூடுவோம் என்று அறிவித்தார். காலக்கெடு என்று ஒன்று வந்துவிட்டால் புது நிலையத்துக்கு எந்த வங்கி கடன் கொடுக்கும்?

ஒற்றைப்பனை எழுதியது:

மூன்று தலைவர்கள் கையெழுத்துப் போட்டதைத்தான் நீங்கள் மக்கள் ஆதரவு என்கிறீர்கள். 2025 அக்டோபரில் அதே கன்சர்வேட்டிவ் கட்சியின் தலைவர் கெமி பேடனாக், ஆட்சிக்கு வந்தால் 2008 சட்டத்தையே ரத்து செய்வேன் என்றார். கரண்டு பில்லோடு மல்லுக்கட்டுகிற வீட்டில் போய்ப் பச்சை இதயத்தைக் காட்டினால் என்ன சொல்வார்கள்? அந்த வீட்டில் இருப்பவர் உங்கள் கூட்டணியில் எந்த அமைப்பின் உறுப்பினர்? பறவை பார்க்கவும் ஜாம் காய்ச்சவும் அவருக்கு நேரமில்லை.

ஈஸ்ட்ஹாம் இட்லி எழுதியது:

இது சரியான அடி, ஒப்புக்கொள்கிறேன். என் தெருவிலேயே அந்த வீடுகள் இருக்கின்றன. கூட்டணி அங்கே போகவில்லை, போனாலும் வேறு பாஷை பேசியது. வீட்டுக்குள் குளிர் புகாமல் அடைப்பது, பில் குறைப்பு என்று ஆரம்பித்திருக்க வேண்டும். ஆனால் கூட்டணிக்குக் கை கட்டப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2014 லாபியிங் சட்டப்படி, தேர்தலுக்கு முந்தைய மாதங்களில் அமைப்புகள் சேர்ந்து பிரச்சாரம் செய்தால் மொத்தச் செலவும் ஒவ்வொருவர் கணக்கிலும் ஏறலாம். சின்ன அமைப்புகள் பயந்து விலகத்தான் செய்யும்.

கரிச்சட்டி எழுதியது:

அதே கை கட்டும் வேலையை நம் இந்தியாவில் 2020-ல் செய்தார்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தி, வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய அமைப்பு வாங்கி கிராமத்துச் சிறு அமைப்புக்குப் பிரித்துக் கொடுக்கிற வழி அடைபட்டது. கூட்டணியால் ஒன்றும் நடக்காது என்றால் அரசுகள் எதற்கு இவ்வளவு மெனக்கெடுகின்றன என்று எனக்கே இப்போது சந்தேகம் வருகிறது. அதற்காகக் கட்சி மாறிவிட்டேன் என்று எழுதிவிடாதீர்கள், கூரை. அந்த 18 பவுண்டு கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.