இலங்கையிலிருந்து அகதிகளாகப் படகில் வந்து, தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

தங்கச்சிமடத்துப் பெண்:
2022 ஏப்ரல், மண்டபம் அகதிகள் முகாம். எங்கள் பங்குக் கோயில் இளைஞர் குழுவோடு மாற்றுத்துணி, பால் பவுடர், பாய் எடுத்துப் போயிருந்தேன். மன்னாரிலிருந்து வந்த ஓர் அக்காவிடம் நைட்டியும் துண்டும் கொடுத்தேன். வாங்கியதும் இடுப்பில் முடிந்திருந்த பாலித்தீன் பையை அவிழ்த்தார். உள்ளே ஒரே ஒரு இலங்கை நூறு ரூபாய், ஈரமாக. "எவ்வளவு தங்கச்சி?" என்றார். படகுக்காரனுக்குக் கொடுத்தது போக மிச்சம் அதுதானாம். "காசெல்லாம் வேண்டாம்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன். அவர் அந்த நோட்டை எட்டாக மடித்துத் திரும்ப முடிந்துகொண்டார். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. இன்னும் உறுத்துகிறது.

மண்டபம் டியூஷன் சார்:
துணி கொடுத்தது நல்லதுதான். ஆனால் துணியா அவர்களுக்குக் குறை? 2022-க்குப் பின் வந்தவர்களை அகதிகளாகப் பதியவில்லை, பழைய குடும்பங்களுக்கு வரும் மாதப் பணமும் இல்லை. 2025-இல் வந்த மத்திய அரசு ஆணையும் 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவானவர்களுக்குத்தான் பாஸ்போர்ட், விசா இல்லாததற்கான தண்டனையிலிருந்து விலக்கு தருகிறது. என் வகுப்புப் பையன் ஒருவன் நோட்டு அட்டையில் பெயர் எழுதிவிட்டு, "ஊர் எண்டு எதை எழுத சேர்?" என்று பேனாவோடு நின்றான்.
உதவப் போகிறவர்கள் கவனியுங்கள். பிள்ளை பிறந்தால் 21 நாளுக்குள் பதியச் சொல்லுங்கள். அந்தச் சான்றிதழ் இருந்தால்தான் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் அந்நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க முடியும். இங்கே பிறந்ததால் மட்டும் இந்தியக் குடியுரிமை வராது. 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்கு இந்த வேலை அத்துப்படி, அவர்களிடம் கேளுங்கள். வழக்கு என்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வக்கீல் இலவசம். அப்புறம், கையிலிருக்கும் தாள்களை முதல் நாளே போட்டோ எடுத்துவிடுங்கள். உப்புத்தண்ணீர் பட்டது சீக்கிரம் உதிர்ந்துவிடும்.

பாம்பன் நாட்டுப்படகு:
சார், அந்த அக்காவுக்கு அன்றைக்குத் துணிதான் வேண்டியிருந்தது. கொடுத்த பிள்ளையை ஏன் கடிகிறீர்கள்?
அரிச்சல்முனை தாண்டி நாலாம் திட்டில் ஒரு குடும்பத்தைப் பார்த்தேன். வெயில் ஏறிவிட்டது. படகில் ஏற்றினால் நம்மேல் கேஸ் விழும் என்ற பயம். கேனோடு தண்ணீரைக் கொடுத்துவிட்டு, கடலோரப் போலீஸ் உதவி எண் 1093-க்குப் போன் போட்டேன். கடலோரக் காவல்படை ஹோவர்கிராஃப்ட் வரும்வரை வலையை இழுக்காமல் பக்கத்திலேயே கிடந்தேன். தண்ணீர் ஏற ஏறத் திட்டு சிறுத்துக்கொண்டே வந்தது. ஒரு பொம்பளைப் பிள்ளை, ஏழெட்டு வயசிருக்கும். பள்ளிக்கூடத்து வெள்ளைச் சப்பாத்து இரண்டையும் தலைமேல் தூக்கிப் பிடித்தபடி நின்றது. கடைசிவரை கையை இறக்கவே இல்லை.