தகுதிப் பட்டியலில் இல்லாத தகுதி: நேர்காணலில் பார்த்தவை

மேசைவிளக்கு:
கிடங்குப் பொறுப்பாளர் வேலை. பட்டியலில் முதல் வரி "சிறந்த தகவல்தொடர்புத் திறன்". சரளமாப் பேசினவருக்கு நேர்காணல் நடத்தின மூணு பேரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டாங்க. கடைசியில சரக்கு ரசீதையும் இருப்புப் பதிவேட்டையும் கையில கொடுத்தாங்க. ரசீதில் 48 பெட்டி, பதிவேட்டில் 84. அவர் கண் அந்த வரியைத் தாண்டிப் போயிடுச்சு. பேசவே தயங்கின இன்னொருத்தர் அதே வரியில விரலை வெச்சு நிறுத்தினார். ஆனா மதிப்பெண் தாளில் அதுக்குக் கட்டமே இல்லை. வேலை சரளமாப் பேசினவருக்குத்தான் கிடைச்சது.

படிக்கல்:
அதுக்காகப் பேச்சுத் திறனே வேண்டாம்னு சொல்லிட முடியாது. சரக்கு குறைஞ்சு வந்தா, லாரி கிளம்புறதுக்குள்ள ஓட்டுநர்கிட்ட சொல்லி ரசீதுலயே குறையை எழுதிக் கையெழுத்து வாங்கணும். பேசாம நடக்குமா? தப்பு அந்த வார்த்தையில இருக்கு. "தகவல்தொடர்பு"ன்னு எழுதாம இந்தச் செயலையே எழுதியிருந்தா ரெண்டு பேரையும் சரியா அளந்திருக்கலாம்.

நூலளவு:
இதற்கு வழி 1954-லேயே வந்துவிட்டது. ஜான் ஃபிளானகன் என்ற உளவியலாளரின் 'முக்கிய நிகழ்வு' முறை. அந்த வேலையைச் செய்பவரிடமும் மேற்பார்வையாளரிடமும் "என்ன குணம் வேண்டும்?" என்று கேட்காதீர்கள். கேட்டால் நேர்மை, உழைப்பு, பொறுப்பு என்றுதான் வரும். "கடந்த ஆறு மாதத்தில் வேலை மிக நன்றாக நடந்த ஒரு நாள், கெட்டுப்போன ஒரு நாள், யார் என்ன செய்தார்?" என்று கேளுங்கள். பத்துப் பதினைந்து நிகழ்வுகள் சேர்ந்ததும் ஒரே மாதிரியானவற்றை ஒன்றாக்கினால் ஐந்தாறு தகுதி தேறும். அதற்கு மேல் போனால் ஒரு மணி நேரத்தில் எதையும் ஆழமாகப் பார்க்க முடியாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி: முதல் நாளே வேண்டுமா, மூன்று மாதத்தில் கற்றுக்கொடுக்கலாமா? முதல் நாளே வேண்டியவை மட்டும் கட்டாயம். கிடங்கு மென்பொருளைக் கட்டாயத்தில் போட்டு நல்ல ஆளைக் கழித்துவிடுவது வழக்கமான தவறு. மதிப்பெண்ணை நேர்காணல் செய்பவர் ஒவ்வொருவரும் தனியாக எழுதிய பிறகே பேச வேண்டும். வேலை மாதிரித் தேர்வும், அதாவது அந்த வேலையில் ஒரு பகுதியையே செய்துகாட்டச் சொல்லும் தேர்வும், வையுங்கள். 1998-இல் உளவியலாளர்கள் ஷ்மிட், ஹன்டர் தொகுத்த ஆய்வில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது அதுதான், 0.54 (தேர்வு மதிப்பெண்ணும் பிறகு வேலையில் காட்டும் திறனும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; 0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுப் பொருத்தம்).

படிக்கல்:
அது பழைய கணக்கு. 2022-ல சாக்கெட்ங்கிற உளவியலாளரோட குழு திருத்திப் போட்டதுல வேலை மாதிரி 0.33-க்கு இறங்கிடுச்சு, எல்லாருக்கும் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல்னு நடத்துற நேர்காணல் 0.42-ல மேல வந்துச்சு. அனுபவ ஆண்டு வெறும் 0.07. இன்னமும் "குறைந்தது 5 ஆண்டு"ன்னு போடுறாங்களே, அதைச் சொல்லுங்க.

சாளரம்:
புகார் மேசைக்கு ஆள் எடுத்தது. தகுதி: "பொறுமை". கத்துற வாடிக்கையாளரை எப்படிச் சமாளிப்பீங்கன்னு கேள்வி. வந்தவர், "முதல்ல ரசீது எண்ணைக் கேட்பேன். அதைத் தேடி எடுக்குறதுக்குள்ள அவர் குரல் இறங்கிடும்" என்றார். ஒருத்தர் 5 போட்டார். பக்கத்துல இருந்தவர், "வருத்தம் தெரிவிக்கவே இல்லையே"ன்னு 1 போட்டார். 5-க்கு எப்படிப்பட்ட பதில், 3-க்கு எப்படி, 1-க்கு எப்படின்னு முன்னாடியே யாரும் எழுதி வைக்கலை. ரெண்டையும் கூட்டி வகுத்து 3-ன்னு போட்டாங்க. அந்த 3 ரெண்டு பேர்ல யாரோட கருத்தும் இல்லை.