‘டெக் ஹைட்’டுக்குத் தமிழ்: ‘தள உயரம்’ வேண்டாமே

அன்புள்ள குழுவினருக்கு,

காற்றால் குளிரும் எஞ்சின்களுக்கான சொற்பட்டியலில் ‘டெக் ஹைட்’ என்பதற்கு எதிரே ‘தள உயரம்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதை இப்போதே முடிவாக்க வேண்டாம் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பாம்பனில் வல்லத்து எஞ்சின் பழுது பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் இந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தேன். “தண்ணீரிலிருந்து மேல்தட்டு எவ்வளவு உயரம் என்பதுதானே தம்பி?” என்றார். அவர் மீது தவறில்லை. நாம் அளக்கப்போவது உயரமே அல்ல. பிஸ்டன் மேலேறி உச்சியில் நிற்கும்போது, அது ஓடும் உருளையான பேரலின் மேல்விளிம்புக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதுதான் அளவு.

ஆங்கிலத்திலேயே இந்தச் சொல் இரட்டை வேடம் போடுகிறது. தண்ணீரால் குளிரும் எஞ்சின்காரர்கள், கிராங்க் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்முகம் வரையுள்ள தூரத்தை அப்படிச் சொல்வார்கள். காற்றால் குளிரும் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் கார் வைத்திருப்பவர்களோ மேலே சொன்ன சிறு இடைவெளியைச் சொல்வார்கள். முன்னது கையளவு, பின்னது நகத்தளவு. இரண்டையும் ஒரே தமிழ்ச்சொல்லில் அடைத்தால், புத்தகத்தைப் பார்த்து உதிரிபாகம் வாங்குகிறவர் பணத்தை இழப்பார்.

நான் ஏறக்குறைய இழந்தேன். மண்டபத்தில் எங்கள் கொட்டகையில் பீட்டில் 1600 எஞ்சின் ஒன்று பிரித்துக் கிடக்கிறது. முதலில் ஆசைப்பட்டது 88 மி.மீ. பிஸ்டன்–பேரல் தொகுதிக்கு. கேஸை (பேரல்கள் உட்காரும் எஞ்சின் கூட்டை) கடையாமல் அப்படியே செருகலாம், 1584 சி.சி. எஞ்சின் 1678 ஆகிவிடும். ஆனால் வெளிவிட்டம் மாறாமல் உள்விட்டம் மட்டும் கூடினால் சுவர் மெலியும். சூட்டில் அந்த மெல்லிய சுவர் வட்டம் குலைந்து கோணும். காற்றை மட்டுமே நம்பியிருக்கும் எஞ்சினுக்கு அது ஆகாது. பழைய 85.5 அளவிலேயே புதுத் தொகுதி வாங்கினேன்.

சிக்கல் அதன் பிறகுதான். எங்கள் கேஸ் மக்னீசியக் கலவை. உப்புக்காற்றில் பல ஆண்டுகள் கிடந்ததால் பேரல் உட்காரும் இடங்கள் அரித்திருந்தன. லேத் பட்டறையில் அவற்றைச் சமன் செய்ததில் பேரல் சற்றுக் கீழிறங்கி உட்கார்ந்தது. பிஸ்டனுக்கும் விளிம்புக்கும் உள்ள இடைவெளியை அளந்தால் 0.8 மி.மீ.தான் இருந்தது. பொதுவாக 1 முதல் 1.5 வரை வைப்பார்கள். (அளக்கும்போது பேரலை ஸ்டட்டில் குழாய்த்துண்டும் நட்டும் போட்டு இறுக்கிவிடுங்கள். இல்லையென்றால் பிஸ்டனோடு பேரலும் சேர்ந்து எழும்பிப் பொய்க் கணக்குக் காட்டும். முதல் நாள் நான் அப்படித்தான் ஏமாந்தேன்.)

பேரலை மேலே மூடும் ஹெட்டில், எரிபொருள் எரியும் அறையில் சிரிஞ்சால் எண்ணெய் விட்டுப் பார்த்தபோது 50 சி.சி. பிடித்தது. அந்தக் கணக்கில் 0.8 என்றால் அமுக்க விகிதம் (கம்ப்ரெஷன் ரேஷியோ) 8.3. பேரலுக்கு அடியில் 0.5 மி.மீ. ஷிம் (மெல்லிய வளையத்தகடு) போட்டு 1.3 ஆக்கினால் 7.9. அரை மில்லிமீட்டரில் இவ்வளவு! ஏப்ரல் வெயிலில் ராமநாதபுரம் வரை ஓட்ட வேண்டிய வண்டிக்கு எனக்கு 7.9 போதும். அதற்காக இடைவெளியை ஒரேயடியாகக் கூட்டவும் கூடாது. பிஸ்டன் நெருங்கி வந்து கலவையைப் பிதுக்கிச் சுழலவிடுவது குறைந்துபோய், நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடித்து எஞ்சின் தட்டுவது) வேறு வழியில் திரும்பி வரும்.

பாம்பன் அண்ணனும் ஓர் அளவு பார்க்கிறார். வலையின் ஈயக்குண்டைத் தட்டிக் கம்பியாக்கிப் பிஸ்டன்மேல் வைத்து, ஹெட்டை இறுக்கி, ஒரு சுற்றுச் சுற்றி, நசுங்கிய கம்பியின் தடிமனைப் பார்ப்பார். அதற்குப் ‘பம்பிங்’ (bumping) என்று பெயர். ஆனால் அது பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் உள்ள தூரம், கேஸ்கட்டின் தடிமனும் அதில் சேரும். அதை ‘தலையிடைவெளி’ என்று தனியே வைக்கலாம். கிராங்க் மையக் கணக்குக்கு உங்கள் ‘தள உயரம்’ பொருந்தும், அங்கே இருக்கட்டும்.

நம் அளவுக்கு ‘தலைக்குறை’ என்று ஒருவர் முன்மொழிந்திருந்தார். சொல்லின் முதலெழுத்து குறைவதற்குப் பெயராக இலக்கணம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. ‘தாமரை’ ‘மரை’ ஆனதைத் தேடி யாராவது எஞ்சினுக்குள் எட்டிப் பார்ப்பார். நான் சொல்வது ‘விளிம்புக்குறை’. நெல் அளக்கும் படியை நினைத்துக்கொள்ளுங்கள். விளிம்போடு நின்றால் தலைதட்டியது, கீழே நின்றால் குறை, மேலே குவிந்தால் மிகை. சில டீசல் எஞ்சின்களில் பிஸ்டன் விளிம்பைத் தாண்டி மேலே வரும். அதற்கு ‘விளிம்புமிகை’ என்று இணைச்சொல்லும் கிடைத்துவிடுகிறது.

மண்டபத்திலிருந்து

—

> நான் சொல்வது ‘விளிம்புக்குறை’

படி உவமை அருமை. ஆனால் நான் பட்டறை வைத்திருப்பவன். ரசீதில் ‘விளிம்புக்குறை 1.3’ என்று எழுதினால், “காசு வாங்கிக்கொண்டு என்ன குறை வைத்தீர்கள்?” என்றுதான் வண்டிக்காரர் கேட்பார். ‘விளிம்புத்தாழ்வு’ என்று வையுங்களேன். மேலே வந்தால் ‘விளிம்பெழுச்சி’.

(‘உச்சித்தாழ்வு’ என்றுகூட யோசித்தேன். ஊர்ப்பாசம் என்பீர்கள், விட்டுவிட்டேன்.)

உச்சிப்புளியிலிருந்து

—

மண்டபத்திலிருந்து மீண்டும்: ரசீது வாதத்துக்கு என்னிடம் பதில் இல்லை. ‘தாழ்வு’ என்றால் கடற்கரையில் முதலில் காற்றழுத்தத் தாழ்வுதான் நினைவுக்கு வரும். முன்னால் ‘விளிம்பு’ இருப்பதால் பரவாயில்லை. பட்டியலில் ‘விளிம்புத்தாழ்வு’ என்றே போடுங்கள்.

ஷிம் பற்றித் தனிமடலில் கேட்டவருக்கு: ஒரு பக்கத்து இரண்டு பேரல்களையும் ஒரே ஹெட்தான் மூடுகிறது. ஆகையால் இரண்டுக்கும் ஒரே தடிமனில் போடுங்கள். எனக்கு இரண்டு ஷிம்கள்தான் வந்திருக்கின்றன. இடப்பக்கம் இன்னும் திறந்தே கிடக்கிறது, உப்புக்காற்றுக்குப் பயந்து எண்ணெய்த்துணி போர்த்தி வைத்திருக்கிறேன்.