பிரெயில் காட்சிக் கருவிகளில் ஒரே ஒரு வரி மட்டும் ஏன்?

கேள்வி: கணினியில் உள்ள எழுத்துகளை விரலால் தடவிப் படிக்கும் புள்ளிகளாக உயர்த்திக் காட்டும், பார்வையற்றோருக்கான பிரெயில் காட்சிக் கருவி ஒன்றை வடிவமைக்க முயல்கிறேன். இத்தகைய கருவிகள் பெரும்பாலும் ஒரே வரியோடு நின்றுவிடுவதற்குக் காரணம் என்ன?

பதில் 1: ஒவ்வொரு புள்ளியையும் உயர்த்தித் தாழ்த்த, மின்னழுத்தத்தால் வளையும் பீசோ பட்டை ஒன்று வழக்கமாகத் தேவைப்படுகிறது. கணினி பிரெயிலில் ஓர் எழுத்துக்கு 8 புள்ளிகள் என்பதால், 40 எழுத்துகள் கொண்ட ஒரு வரிக்கே 320 பட்டைகள் வேண்டும். அவை கிடையாகப் பின்னோக்கி நீள்வதால் அடுத்த வரிக்கு இடம் கிடைப்பதில்லை. விலை உயர்வதும் இதனால்தான்.

கேட்டவர்: புள்ளிகளை நெருக்கி அமைக்கலாமா?

பதில் 2: கூடாது. ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டராக உள்ள இடைவெளியைக் குறைத்தால், விரல் நுனியால் புள்ளிகளைப் பிரித்தறிவது கடினமாகிவிடும்.

பதில் 3: விசைகளையும் மறவாதீர்கள். கணினி விசைப்பலகையின் எஃப், ஜே விசைகளில் உள்ள சிறு மேடு போன்ற அடையாளம் இல்லாத வழவழப்பான தொடுபரப்பு, என் பார்வையில், அழகான தடை மட்டுமே.