பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போனபோது… இன்னும் மனதை விட்டுப் போகாத ஒன்று (அனுபவப் பகிர்வு)

திருப்பாலைக்குடிக்காரி

தம்பி மனைவிக்குப் பிள்ளை பிறந்து பன்னிரண்டாம் நாள். சுகப்பிரசவம், மூன்று கிலோ பையன், எல்லாம் நல்லபடிதான். அவளுக்குத் தாய் இல்லை, அதனால் பேறுகாலம் எங்கள் பக்கமே. தம்பி கடலுக்குப் போயிருந்தான். நான் பால்சுறா வாங்கிக்கொண்டு புட்டு வைத்துக் கொடுக்கப் போனேன்.

அன்று காவிரித் தண்ணீர் வருகிற முறை. நம் கரையில் அது எப்படிப்பட்ட நாள் என்று உங்களுக்குத் தெரியும். கொல்லையில் குழாயடியில் நிற்கிறாள். குடம் நிறைந்து வழிந்து, அவள் பாதத்தை நனைத்து, முருங்கை மரம் வரை ஓடியிருக்கிறது. உள்ளே பிள்ளை வீறிட்டு அழுகிறது. அவள் குடத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். என்னைக் கண்டதும், "மதினி, இது எப்ப நிக்கும்?" என்றாள்.

குழாயை மூடினேன். உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். "பச்ச உடம்போட தண்ணில நிக்கலாமா" என்று சத்தமும் போட்டேன். அவள் எதைக் கேட்டாள் என்று அப்போது யோசிக்கவே இல்லை. பையன் இப்போது யூகேஜி போகிறான். குடம் வழிகிற சத்தம் கேட்டால் இன்றும் எனக்கு அந்த முகம்தான். உங்களுக்கும் இப்படி ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

கீழக்கரை மச்சான்

பிள்ளை பெற்றபின் வருகிற இந்த மனச்சோர்வு தாய் இல்லாததால் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் ஊரில் கல்யாணம் ஆன பிறகும் பெண் தாய் வீட்டில்தான் இருப்பாள், மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். உம்மா, சாச்சி, அக்கம்பக்கம் என்று சுற்றி ஆள். அப்படியும் என் தங்கச்சிக்கு வந்தது.

மாப்பிள்ளை துபாயில். தினம் இரவு வீடியோ கால். போனைப் பிள்ளை முகத்துக்கு நேரே பிடிப்பாள். விரல், கால், கொட்டாவி எல்லாம் காட்டுவாள். ஒரு நாள் அவர், "ஒன் மொகத்தக் காட்டு புள்ள" என்றார். நான் அந்த அறையில்தான் இருந்தேன். போனை மல்லாக்கப் படுக்கையில் வைத்துவிட்டாள். திரையில் எங்கள் வீட்டு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மறுநாள் எனக்குப் போன். "மச்சான், அவ மொகத்தப் பாத்து ஒம்பது நாளாச்சு, யார்ட்டயாச்சும் காட்டுங்க." வீட்டுக்குள்ளேயே இருந்த எனக்குத் தெரியவில்லை, கடல் கடந்து இருந்தவருக்குத் தெரிந்தது. மருத்துவர் மாத்திரை கொடுத்தார், பாலை நிறுத்த வேண்டாம் என்றும் சொன்னார். இரண்டு மாதத்தில் தேறினாள்.

தொண்டி வடகடல்

நான் தகப்பன். தகப்பன் எழுதலாமா தெரியவில்லை, எழுதுகிறேன்.

தடைக்காலம் 61 நாளும் கரையில் இருந்தேன், முடியப் போகிற நேரத்தில் பிறந்தது. குறைமாதம், 1 கிலோ 800. அவளுக்கு ஆபரேஷன், கூடவே காய்ச்சல். நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "சட்டையக் கழட்டுங்கண்ணே" என்றார். கங்காரு முறையாம். சோப்புப் போட்டு இரண்டு தடவை குளித்துவிட்டுப் போனேன், அப்படியும் உடம்பில் கவிச்சி அடிக்குமோ என்று கூச்சம். தொப்பியும் துணியும் மட்டும் கட்டி, காலைத் தவளை மாதிரி மடக்கி, என் நெஞ்சில் வைத்தார்கள். அது விடுகிற மூச்சு என் தொண்டைக்குழியில் பட்டது. ஐந்து நாள் அப்படியே சாய்ந்து கிடந்தேன்.

ஜூன் 15 போட் இறங்கியது. முன்பணம் வாங்கியவன், போகாமல் இருக்க முடியாது. அன்று ராத்திரி வலை வாங்கும்போது கை தானாக நெஞ்சுக்குப் போய் நின்றது. பக்கத்தில் நின்றவர், "நெஞ்சு வலியாடா?" என்று கேட்டார். ஆமா என்றேன்.

மண்டபம் பெரியம்மா

முதலில் எழுதிய தங்கச்சிக்கு: தண்ணீரில் நின்றதை வைத்து மனக்கஷ்டம் என்று நீயாக முடிவு கட்டாதே. தூக்கம் இல்லாத உடம்பு அப்படித்தான் திகைத்து நிற்கும். என் மூன்றாவது பிள்ளைக்கு நானும் நின்றிருக்கிறேன். ஒரு ராத்திரி என் மாமியார் பிள்ளையைத் தூக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, "பாலுக்கு மட்டும் எழுப்புறேன், நீ கட்டையச் சாய்" என்றார். அந்த ஒரு ராத்திரியை நான் சாகிற வரை மறக்க மாட்டேன்.

அதனால் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். ராத்திரி பிள்ளையை வேறு ஆள் வாங்க வேண்டும். காரல் மீன் அவித்த தண்ணீர், சுட்ட பூண்டு, முருங்கைக்கீரை தவறாமல் கொடுக்க வேண்டும். பத்தியம் என்று வயிற்றைக் காயப்போடக் கூடாது. பார்க்க வருகிறவர்கள் காபி எதிர்பார்த்து உட்காரக் கூடாது. வருகிற கையோடு நாலு துணியை அலசிப் போட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளைக்குத் தேன் தொட்டு நாக்கில் வையுங்கள், வசம்பு உரைத்துக் கொடுங்கள், வயிறு உப்பாது. வெயில் காலத்தில் ரெண்டு சங்கு வெந்நீரும் கொடுக்கலாம்.

கிராம நர்ஸ் (தென்கடல் பக்கம்)

பெரியம்மா, ராத்திரிப் பிள்ளையை வாங்கச் சொன்னீர்களே, அதற்கு உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் தேன் வேண்டவே வேண்டாம். ஒரு வயது ஆகும் வரை தேனில் இருக்கும் கிருமி பிள்ளையின் நரம்பை முடக்கிவிடலாம். வசம்பு, தண்ணீர் இரண்டும் வேண்டாம். சித்திரை வெயிலானாலும் ஆறு மாதம் வரை தாய்ப்பாலிலேயே வேண்டிய தண்ணீர் இருக்கிறது. ஐந்து நாளுக்குப் பிறகு தினம் ஆறு தடவையாவது மூத்திரம் போனால் பால் போதுகிறது என்று அர்த்தம்.

என் அனுபவம் சின்னது. பாசி எடுக்கிற பெண், முப்பதாம் நாளே கடலில் இறங்கிவிட்டாள். விரலில் சுற்றிய துணி ஈரம் காயாமல் வந்து உட்கார்ந்தாள். எடை பார்த்தேன், 45-ஆம் நாள் ஊசி சொன்னேன், முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டப் பணத்துக்கு பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்) சரிபார்த்தேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். எழுந்து போகும்போது, "அக்கா, என்னையப் பத்தி ஒண்ணும் கேக்கலையே" என்றாள். வாசலில் அடுத்த ஆள் நின்றதால், "அடுத்த தடவ பேசுவோம்" என்றேன். அடுத்த தடவை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவள் மாமியார்தான் வந்தார்.

அதிலிருந்து முதல் கேள்வி தாய்க்குத்தான். நீங்களும் கேளுங்கள். பிரசவமான மூன்றாம் நாள், நாலாம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலானவர்களுக்கு உண்டு. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், பிள்ளை தூங்கும்போதும் அவளுக்குத் தூக்கம் வராவிட்டால், "நான் இல்லேன்னா நல்லாருக்கும்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசு மனநல உதவி எண் 14416-க்கு எந்த நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள், காசு இல்லை. இல்லாத குரல் கேட்கிறது, பிள்ளை தன்னுடையது இல்லை என்றால் அது அவசரம். பிள்ளையோடு அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. தொண்டித் தம்பி, இந்தச் சோர்வு தகப்பனுக்கும் வரும். உங்களுக்கும்தான் சொல்கிறேன்.

சாயல்குடிப் பக்கம்

நர்ஸ் கடைசியில் சொன்னதை என் அத்தை மகளிடம் பார்த்தேன். ஐந்து ராத்திரி தூக்கம் இல்லை, "இது யார் பிள்ளை" என்று கேட்டாள். நாங்கள் ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போய் மணலில் உட்கார வைத்திருந்தோம். ரவிக்கை முழுக்கப் பால் நனைந்து வழிகிறது, அவளுக்கு அது தெரியவில்லை. பிள்ளை ஊரில், பவுடர் பாலில்.

தர்காவை நான் குறை சொல்லவில்லை. இப்போது அங்கேயே பிரார்த்தனையோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு இருக்கிறது. பதினோரு நாள் தள்ளிப்போட்டது எங்கள் வீட்டார், நானும் சேர்த்து. குணமாகிவிட்டாள். அந்தப் பதினோரு நாளைப் பற்றி அவளிடம் நாங்கள் யாரும் பேசியதே இல்லை.

திருப்பாலைக்குடிக்காரி

எல்லாவற்றையும் வாசித்துவிட்டு இன்று மத்தியானம் தம்பி மனைவிக்குப் போன் போட்டேன். குழாயடியை ஞாபகப்படுத்தி, அன்றைக்கு என்ன கேட்டாய் என்றேன். "தண்ணியத்தான் கேட்டேன் மதினி" என்றாள். அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை. போனை வைக்கவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போகிறேன்.